டிக் எடுத்த கட்டம்

வெளியே கோர்ட் வராந்தாவில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மாஜிஸ்திரேட் அம்மா. காத்திருந்த நேரத்தில் நானே போய் நிமிர்த்திவிடலாமா என்று எழுந்தேன். வாசலில் நின்ற காவலர் உட்காரச் சொல்லிவிட்டார். கோணலைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் வேலை அப்படிப்பட்டது.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று சொன்னீர்கள். யோசித்துக்கொள்ள நேரமும் கொடுத்தீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். இந்த வழக்கில் கம்ப்யூட்டர் நிபுணர் கொடுத்த அறிக்கையை வாசித்த பிறகு வராமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் பிராங்கிளின். ராயபுரத்தில் பிறந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கீழே மீன்வலைக் கடை, மாடியில் நாங்கள். முதலாளி மஹீன் பாய். லாரி ஆபீஸ்கள், கன்டெய்னர் யார்டுகள், எண்ணூர்ப் பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் இவர்களுக்கெல்லாம் இணையப் பக்கங்கள் செய்துகொடுப்போம்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது நீங்களும் அப்படிப்பட்ட பக்கங்களை நிரப்பியிருப்பீர்கள். பெயருக்கு ஒரு கட்டம், டிக் வைக்க ஒரு கட்டம், கீழே சேமிக்க ஒரு பொத்தான். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். எச்டிஎம்எல் என்ற மொழியில் ஒவ்வொரு வரியையும் நாமே கையால் எழுதுவது ஒன்று. இன்னொன்று, ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருளோடு வரும் ஹெல்பர் என்ற சின்னக் கட்டளைகளைக் கூப்பிடுவது. இந்த விவரத்துக்கு இங்கே ஒரு கட்டம் வேண்டும் என்று சொன்னால் போதும், ஹெல்பரே எச்டிஎம்எல்லை எழுதிவிடும்.

நான் கையால் எழுதுகிறவன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ஹெல்பர் எழுதுவது எனக்குப் பிடிக்காது. கட்டத்தைச் சுற்றி இன்னொரு கட்டம் கட்டும், கேட்காத பெயரெல்லாம் வைக்கும், கண்ணுக்குத் தெரியாமல் சில வரிகளைச் சேர்த்துவிடும். நான் எழுதிய பக்கத்தை யார் திறந்து பார்த்தாலும் ஒரு வரிகூட வீணாக இருக்காது. எங்கள் ஆபீசில் அதற்காக எனக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களிடம் மஹீன் பாய் முதல் நாளே சொல்வார், டிசைன் சந்தேகமென்றால் பிராங்கிளின் அண்ணனைக் கேள் என்று.

நர்மதாவிடமும் அப்படித்தான் சொன்னார்.

அவள் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்துப் பெண். இன்ஜினியரிங் படித்தவள். கும்மிடிப்பூண்டி ரயில் வண்டியில் வந்து போவாள். வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் ஃப்ரேம்வொர்க்கின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று போனில் படித்துக்கொண்டே வருவாளாம். நல்ல பெண், அம்மா. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என்னை ஒருநாளும் எடுத்தெறிந்து பேசியதில்லை. அவள் ஹெல்பர் பக்கம் நின்றாள், அவ்வளவுதான்.

ஒரு மீட்டிங்கில் மெதுவாகத்தான் சொன்னாள். "அண்ணே, நீங்க எழுதறது அழகாத்தான் கீது. ஆனா நாளைக்கு ஒரு ஃபீல்டு பேரு மாறுச்சுன்னா எல்லாப் பக்கத்துலயும் தேடிகினு இருக்கணும். ஹெல்பர்னா அதுவே பாத்துக்கும்."

மஹீன் பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, இனிமேல் எல்லாம் ஹெல்பரில் செய்யலாம் என்றார். பழைய பக்கங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிவிடச் சொன்னார். நான் அவற்றைச் சரிபார்த்துக்கொடுத்தால் போதும் என்றார். அவர் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நர்மதா தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு பக்கத்தை மாற்றி முடிப்பாள். எங்கள் மென்பொருளில் ஒருவர் எதையாவது மாற்றினால், நீக்கிய வரிகளை ஒரு பக்கமும் சேர்த்த வரிகளை மறுபக்கமும் காட்டும். என் வரிகள் நீக்கியவற்றில் இருந்தன. நான் அவற்றைப் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். இங்கே வருவதற்கு முன் ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது, கோபம் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனால் என் மனைவி ஜானட் என்னென்னவோ பேசுவாள். காதில் விழும், மனதில் நிற்காது. அப்படி ஒரு சோர்வு இருந்தது.

எண்ணூர்க் கான்ட்ராக்டர் ஒருவரின் வேலை அப்போதுதான் வந்தது. அவர் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுப்பவர். எண்ணெயை இறைத்த பிறகும் தொட்டியின் அடியில் சேறு மாதிரி கசடு தங்கும். ஆட்கள் உள்ளே இறங்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். கிளறும்போது விஷவாயு கிளம்பும். அதனால் சூப்பர்வைசர் முதலில் மீட்டரை உள்ளே விட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் டேப்லெட்டில் அந்தத் தொட்டியின் பக்கத்தைத் திறந்து, 'உள்ளே இறங்கலாம்' என்ற கட்டத்தில் டிக் வைத்துச் சேமிப்பார். தொட்டியின் வாயருகே இருக்கும் திரை பச்சையாகும். வாயு ஏறினால் டிக்கை எடுத்துச் சேமிப்பார். திரை சிவப்பாகும். மொத்த வேலையும் இவ்வளவுதான். அதற்கு முன்னால் வாயு ஏறினால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்துச் சமாளித்திருக்கிறார்கள். திரை வந்த பிறகு துணியை எடுத்துவிட்டார்கள்.

நர்மதாவின் தம்பி ரஞ்சித் அங்கேதான் வேலை பார்த்தான். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் இறங்கி மீன் போன பிறகு படகை விட்டுவிட்டுத் தொட்டி வேலைக்குப் போனவன். வேலை எப்படி நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல நர்மதா அவனை ஒருநாள் ஆபீசுக்குக் கூட்டிவந்தாள். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய கை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டான். உள்ளே பயமாக இருக்காதா என்று நான்தான் கேட்டேன்.

"முட்ட அழுகுன மாதிரி நாறும்ணா. நாத்தம் வர்ற வரிக்கும் பயமில்ல. நாத்தம் நின்னுபோச்சுன்னாதான் பேஜாரு. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நர்மதா அந்தப் பக்கத்தை ஹெல்பரில் செய்தாள். டிக் வைத்துப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், பச்சையும் சிவப்பும் சரியாக மாறின. கான்ட்ராக்டருக்கு ஒரு குறைதான். டேப்லெட்டில் பார்த்தால் கட்டம் ஒரு வரியிலும் 'உள்ளே இறங்கலாம்' என்ற எழுத்து அடுத்த வரியிலும் விழுந்தது. கையுறை போட்ட விரலுக்குக் கட்டம் சின்னதாகவும் இருந்தது. நர்மதா இரண்டு மூன்று விதமாகச் சரிசெய்ய முயன்றாள், சரியாக வரவில்லை. மஹீன் பாய் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் ரெண்டு பேரும் பார்த்து முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் கையால் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சந்தோஷமாகவே சரி என்றாள். டேப்லெட் அவள் கணினியோடுதான் இணைந்திருந்தது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அதனால் அந்த மாற்றம் அவள் பெயரில் பதிவாகிவிட்டது. அது தற்செயல் என்றுதான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

அந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய கட்டம், அதன் பக்கத்திலேயே தமிழ் எழுத்து, கையுறையோடு தொட்டாலும் பிசகாது. கான்ட்ராக்டர் போன் பண்ணிப் பாராட்டினார்.

ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். டிக் வைத்த கட்டம் 'ஆம்' என்று சொல்லி அனுப்பும். டிக் இல்லாத கட்டம் 'இல்லை' என்று அனுப்பாது. ஒன்றுமே அனுப்பாது. எச்டிஎம்எல் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒன்றும் வராவிட்டால், ஏற்கெனவே இருந்ததையே சர்வர் வைத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் டிக்கை எடுத்துச் சேமித்தாலும் உள்ளே 'ஆம்' என்பதே நிற்கும். இதைச் சமாளிக்க ஹெல்பர் என்ன செய்யுமென்றால், அந்தக் கட்டத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டத்தை அதே பெயரில் வைத்து, அதில் 'இல்லை' என்று எழுதிவிடும். டிக் இருந்தால் டிக் ஜெயிக்கும். இல்லாவிட்டால் அந்த மறைவான 'இல்லை' போய்ச் சேரும். கேட்காமலே சேர்க்கும் வரிகள் என்று சொன்னேனே, அதில் ஒன்று இது.

நான் எழுதிய பக்கத்தில் அந்த வரி இல்லை.

நர்மதா அதை மறுநாளே கேட்டுவிட்டாள். ஆபீசில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், ஆனால் அவள் என் மேசைக்கு வந்து குனிந்து என்னிடம் மட்டும்தான் கேட்டாள்.

"அண்ணே, டிக்க எடுத்துட்டு சேவ் பண்ணா கட்டம் ஒண்ணுமே அனுப்பாதே. ஹெல்பரு கூடவே மறைவா ஒண்ணு வெக்கும். உங்க பக்கத்துல அது கீதா?"

"அத சர்வர் பக்கத்துல பாத்துகினேன்மா" என்றேன்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

சரிண்ணே என்று சொல்லிவிட்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள். பழைய பக்கங்களை மாற்றும் வேலை அவளுக்கு நிறைய இருந்தது. என் வார்த்தையை அவள் திரும்பச் சரிபார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவள் கேட்ட அந்த நிமிடத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். ஆனால் சேர்த்தால் அது ஹெல்பர் எழுதிய வரியாகவே இருக்கும், எழுத்து மாறாமல். கையால் எழுதினால் என்ன ஆகும் என்று அவள் மீட்டிங்கில் சொன்னாளோ அதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். யாராவது சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அது பெரிய ஆபத்தாகவும் அப்போது தோன்றவில்லை. தினமும் காலையில் எல்லாத் தொட்டிகளும் தானாகச் சிவப்பில்தான் தொடங்கும். அதை நர்மதா சர்வரில் எழுதிவைத்திருந்தாள். காலையில் டிக் வைப்பார்கள், சாயங்காலம் வேலையை முடிப்பார்கள். நடுவில் டிக்கை எடுக்க வேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும்.

வந்தது. உதயா என்று அங்கே ஒரு சூப்பர்வைசர். ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"சார், டிக்க எடுத்துட்டேன். வெளிய ஸ்கிரீன்ல இன்னும் பச்சையாவே கீது."

நெட் மெதுவாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்றேன். அன்றைக்கு உள்ளே ஆள் இல்லை என்று அவரே சொன்னார். சரி சார் என்று வைத்துவிட்டார். இந்த மாதிரி அழைப்பு வந்தால் எழுதிவைக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். நான் எழுதவில்லை. என் பெயரையும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு போலீசிடம் அவர் ஒரு ஆம்பளைக் குரல் என்றுதான் சொல்ல முடிந்தது. எங்கள் ஆபீசில் ஆண்கள் பலர்.

அந்தப் போனை வைத்த பிறகு நான் கீழே போய் டீ குடித்தேன். யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேனே, சொல்லிவிட்டார்கள். அப்போதாவது சேர்த்திருக்கலாம். சேர்த்தால் யார் கேட்டு, ஏன் சேர்த்தாய் என்று வரும். நர்மதாவிடம் டெஸ்ட் பண்ணினேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்றை மறைக்க இன்னொன்று என்பது என் வழக்கம் இல்லை, ஆனால் அன்றைக்கு அப்படி ஆகிவிட்டது. ரஞ்சித் இறங்குவான் என்று எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர் இறங்குவார் என்று தெரியும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. முற்பகலில் தொட்டி பச்சையாக இருந்திருக்கிறது. ஆட்கள் இறங்கிக் கொஞ்சம் சுரண்டிவிட்டுச் சாப்பிட ஏறியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் உதயா மீட்டரை விட்டுப் பார்த்ததில் அளவு ஏறியிருந்தது. டிக்கை எடுத்துச் சேமித்திருக்கிறார். நான் சொன்னபடி கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்று நம்பி, கசடு லாரி வந்திருக்கிறதென்று மெயின் கேட்டுக்குப் போயிருக்கிறார். ரஞ்சித் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான். திரை பச்சையாக இருந்தது. கூட இருந்தவர் பீடியை அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் இறங்கிவிட்டான். அவன் விழுந்த சத்தம் கேட்டு அந்த மனிதர் பாதிவரை இறங்கி, தலை சுற்றி, மேலே ஏறிவிட்டார். ரஞ்சித்தைக் கயிறு கட்டித்தான் வெளியே எடுத்தார்கள்.

நர்மதாவுக்குப் போன் வந்தபோது நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. "ரஞ்சித்து தொட்டியில வுழுந்துட்டானாம்ணே" என்றாள். யாரிடமோ வழி கேட்கிற குரல் மாதிரி இருந்தது. பையையும் எடுக்காமல் எழுந்தாள்.

"நீ கீழ நில்லும்மா. நான் வண்டிச் சாவி எடுத்துகினு வரேன்" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். அவள் கணினி திறந்தே இருந்தது. நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, மறைவான வரியைச் சேர்த்து, சர்வருக்கு அனுப்பினேன். அதிக நேரம் ஆகவில்லை. இனி இன்னொருவர் அப்படி இறங்கக் கூடாது என்றுதான் அனுப்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வலைக்கடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. சந்து சந்தாகப் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன். நாங்கள் போவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர்களுடைய அம்மா அங்கம்மா வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த கை, செதில்கூடப் போகவில்லை. மகளைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்பதற்காக அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் நைனா" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

அங்கேதான் உதயா வந்தார். டிக் எடுத்தேன், பச்சையாகவே இருந்தது என்று கண்ணில் பட்ட எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நர்மதா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் கெட்டிக்காரி. தன் அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

போலீஸ் வந்து ஆபீஸ் பதிவுகளை எடுத்தபோது, டிக் கட்டத்தை மாற்றி எழுதியது நர்மதாவின் பெயரில் இருந்தது. தம்பி விழுந்த சேதி வந்த சில நிமிடங்களில் பிழையைத் திருத்தியதும் அவள் பெயரிலேயே இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். என்னிடம் கேட்டார்கள். தமிழ் எழுத்தை மட்டும் சீராக்கிக் கொடுத்தேன், மற்றது அவளுடையது என்றேன். மஹீன் பாய் ஊருக்குப் போயிருந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. தவிர, நான் நீண்ட காலமாக அங்கே இருக்கிறவன். சேதி கேட்டதும் தன் தப்பை மறைக்கப் பார்த்துவிட்டு, இப்போது பெரியவர் மேல் பழி போடுகிறாள் என்று எல்லாரும் நம்பினார்கள். நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஜானட் கேட்டபோது, பாவம், கவனக்குறைவு என்று மட்டும் சொன்னேன். அவள் அதைக் கோயிலில் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். பெண்கள் பேசத்தான் செய்வார்கள்.

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் குப்பத்துக்கே போய், உன் பெண் எழுதிய தப்பில்தான் உன் பிள்ளை போனான் என்று அங்கம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். திட்டவில்லையாம், அடிக்கவில்லையாம். சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுவாராம். ரஞ்சித்தின் காரியத்தின்போது நர்மதாவை உள்ளே வர வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் கட்டுமரம் இழுத்துப் போட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் சார்பாக நான் மாலை கொண்டுபோயிருந்தேன். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

அவள் மேல் வழக்குப் போட்டுக் கைது செய்து, ஜாமீனில் விட்டார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போய்விட்டது. வேறு எங்கேயும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் வக்கீலிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். போன வாய்தாவில், இதே வராந்தாவில், அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. மிகவும் மெலிந்துபோயிருந்தாள்.

"நீங்க டெஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்க, நம்புனேன். ஒருவாட்டி நானே டிக்க எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவன் இருந்திருப்பான். அப்ப என் தப்புதானேண்ணே."

என்னைப் பார்த்துக் கேட்டாள். உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. நான் சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலில் எங்கள் எண்ணைத் தேடினேன். அவள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்துபோனாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறாளாம். தன் அம்மா எதிரில் இன்னொரு முறை இதையெல்லாம் கேட்க முடியாது என்கிறாளாம்.

அதற்காக நான் வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் எனக்கு நல்லதுதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

நிபுணரின் அறிக்கை போன வாரம் வந்தது. நான் சாட்சி என்பதால் அரசு வக்கீல் எனக்கும் வாசிக்கக் கொடுத்தார். திருவொற்றியூர் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டேன். அதன் முடிவுரையில் எழுதியிருக்கிறார்: ஹெல்பர் பயன்படுத்தப்பட்டிருந்தால் இந்த மரணம் நேர்ந்திருக்காது, கையால் எச்டிஎம்எல் எழுதும் காலாவதியான முறையே விபத்துக்கு மூலகாரணம். காலாவதியான முறை என்றே எழுதியிருக்கிறார். இது தீர்ப்பில் ஏறும். நாளைக்குக் கல்லூரியில் பாடமாகச் சொல்வார்கள். கையால் எழுதுகிறவர்களையெல்லாம் கொலைகாரர்களைப் போலப் பார்ப்பார்கள்.

அது உண்மை இல்லை, அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

டேப்லெட் அவள் கணினியில் இருந்ததால் அங்கே உட்கார்ந்தேன் என்று சொன்னேன். ஒரே ஒரு ஒயர்தான், பிடுங்கி என் கணினியில் சொருகியிருக்கலாம். யார் பெயரில் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் அவள் பெயர் இருந்துகொண்டேதான் இருந்தது. பக்கம் கோளாறாகி, ஹெல்பரில் தேர்ந்தவள் என்று எல்லாரும் சொல்கிறவளின் பெயரில் அது வெளியே வரட்டும் என்று நினைத்தேன். ஒரு திட்டு, ஒரு மீட்டிங், அவ்வளவுதான் நடக்குமென்று நினைத்தேன். அந்தப் பக்கம் எதற்குப் பயன்படுகிறது என்பது மறந்திருந்தது என்று சொல்லமாட்டேன். ரஞ்சித் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்த மறைவான வரியும் எனக்குத் தெரியாதது இல்லை. ஹெல்பர் என்ற ஒன்று வருவதற்கு முன்னாலேயே அதைக் கையால் எழுதிவந்தவன் நான். அன்றைக்கும் எழுதினேன். கட்டத்துக்கு மேலே, சரியான இடத்தில், சரியான பெயரில் எழுதிவிட்டேன். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்துவிட்டுச் சேமித்தேன். நர்மதா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

ஆகவே பிழை எச்டிஎம்எல்லில் இல்லை. கையால் எழுதியதில் குறை எதுவும் இருக்கவில்லை. எழுதியவன்தான் தெரிந்தே அழித்தான். நிபுணரைக் கூப்பிட்டு முடிவுரையில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திவிடச் சொல்லுங்கள், அம்மா. அறிக்கையில் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.